ஃபார்மட் பண்ணிடலாம் டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக என்னைப் போல ஓய்வுபெற்றபின் அதன் முன்னால் உட்காரப் பழகியவர்கள், அவசியம் படியுங்கள்.

நேற்றுக் காலை என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று ரேம் கூட்டினாராம். ஒரே வாரத்தில் விண்டோஸ் படுத்துவிட்டதாம். கடையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் "சிஸ்டம் ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்று சொல்லி ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்களாம். பேத்தியின் காதுகுத்துப் படம், சங்கத்தின் கணக்கு எல்லாம் போயிற்று. சரி, போனது போகட்டும் என்றிருந்தால், பத்தாம் நாள் மறுபடியும் அதே நீலத் திரை. "திரும்பவும் ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்கம்மா, நாளைக்குக் கொண்டு போறேன்" என்றார். "சார், தயவுசெய்து கொண்டு போகாதீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தப் பதிவு. இதே கூத்து மே மாதம் என் வீட்டிலும் நடந்தது.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவள். 33 வருஷம் தொடக்கப்பள்ளியில் கரும்பலகையோடு வாழ்ந்தவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் தமிழ்த் தட்டச்சு மட்டும் விரலில் இருந்தது. அந்தத் தைரியத்தில் 2016இல், ஓய்வுபெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால், பையன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒரு வேலையைத் தொடங்கினேன்.

1987இலிருந்து என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன். பாட்டியிடம் போய் ஒரு தாலாட்டோ, நடவுப் பாட்டோ, விடுகதையோ, பழமொழியோ கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். அதிலே நல்லதை நான் ஒரு பெரிய நோட்டில் எழுதி, சொன்ன பாட்டியின் பெயரையும் தெருவையும் குறித்து வைப்பேன். இப்படி ஒன்பது நோட்டு சேர்ந்தது. ஆறு நோட்டைத் தட்டச்சு செய்து முடித்திருந்தபோது 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே இருந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பின்கட்டு ஓடு பூராவும் பறந்துவிட்டது. பரணில் இருந்த ஒன்பது நோட்டும் கூழாகிவிட்டன. முன்னறை கான்கிரீட் என்பதால் கம்ப்யூட்டர் மட்டும் தப்பித்தது. அந்த ஆறு நோட்டும் மே மாதம் வரை உலகத்தில் இருந்தது அந்தப் பெட்டிக்குள்தான். வேறு பிரதி எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மே மாத விடுமுறைக்கு வந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடிச்சு முடிச்சிடலாம் போல இருக்கே. 4 ஜிபியை வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறீங்க, ஒரு 8 ஜிபி சேர்த்துப் போட்டுக்குங்க" என்று 2,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். கடைக்காரத் தம்பி வீட்டுக்கே வந்து, பழைய ரேமுக்குப் பக்கத்தில் புதிதை அழுத்திப் போட்டுவிட்டு, 12 ஜிபி என்று திரையில் காட்டிவிட்டுப் போனார். நிஜமாகவே வேகம் வந்தது. இரண்டு நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெனு வரவில்லை. அப்புறம் வேர்டு திறக்கும்போதே மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் அந்த அழுமூஞ்சி போட்ட நீலத் திரை வந்தது. கீழே 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடுத்த தடவை வேறு எதையோ எழுதிக் காட்டியது.

என் பேரன் யூடியூபில் பார்த்துச் சொன்னபடி நானே ஒரு வைத்தியம் செய்தேன். கறுப்புத் திரையை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறந்து, எஸ் எஃப் சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று அடித்து என்டர் தட்டினேன். விண்டோஸின் சொந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கெட்டுப்போனதை மாற்றி வைக்கும் கட்டளை அது. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்று பெயர். கெட்ட கோப்புகள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தது. மறுநாள் அடித்தால் எல்லாம் சரிசெய்தாயிற்று என்றது. அதற்கு மறுநாள் மறுபடியும் கெட்டவை இருக்கின்றன என்றது. ஒரே கணக்கை மூன்று தடவை போட்டு மூன்று விடை வந்தால் கணக்கிலா தப்பு, போடுகிறவனிடமா தப்பு? அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு டீச்சர். ஃபார்மட் பண்ணிடலாம். 500 ரூபாதான். எப்படியும் அக்டோபரோட விண்டோஸ் 10 முடியப் போகுது."

"தம்பி, என் ஃபைலெல்லாம்?"

"டி டிரைவ்ல இருக்கிறது இருக்கும் டீச்சர். சி-ல இருக்கிறது போயிடும்."

என் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், கண்ணுக்கு நேராக டெஸ்க்டாப்பில் இருந்தன. அந்த டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு பெட்டி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முகப்பில் வைத்தால் பத்திரம் என்று நினைத்து நாம் எல்லோரும் அங்கேதான் கொட்டி வைக்கிறோம். ஃபார்மட்டில் முதலில் போவது அதுதான்.

அதோடு இன்னொன்று. என் தட்டச்சு முழுக்க வானவில் எழுத்துருவில். யூனிகோடு இல்லை. ஃபைலைக் காப்பாற்றிக் கொடுத்தாலும், புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தாலாட்டெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கிறுக்கித் தெரியும். ஃபைல் இருக்கிறதே டீச்சர் என்று கடைக்காரர் சொல்வார், இருக்கும், படிக்கத்தான் முடியாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஆசிரியர்கள், எழுத்தர்கள், கோயில் மலர் போடுகிறவர்கள் எல்லோரும் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

"ரெண்டு நாள் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு என் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் போட்டேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்ட கேள்வி: "டீச்சர், இதெல்லாம் ரேம் போடறதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்ப முதல்ல மெஷினை ஆஃப் பண்ணுங்க டீச்சர். எதையும் திறக்காதீங்க, எதையும் சேவ் பண்ணாதீங்க, அந்த ஸ்கேனையும் இனிமே ஓட்டாதீங்க."

ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரேம் என்பது கரும்பலகை. ஹார்ட் டிஸ்க் என்பது பிள்ளைகளின் நோட்டு. நோட்டிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் பலகைக்கு வரவேண்டும், நோட்டுக்கு எது போனாலும் பலகை வழியாகத்தான் போகவேண்டும். இப்போது பலகையில் ஒரு மூலையில் சாக்பீஸ் பிடிக்காத எண்ணெய்க் கறை இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் '8' எழுதினால் '3' ஆகத் தெரிகிறது. பிள்ளைகள் பார்த்து அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நோட்டில் தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து நாம் திருத்தம் சொல்வது எங்கே? அதே பலகையில். அன்றைக்குத் திருத்தம் கறை இல்லாத இடத்தில் விழுந்தால் சரியாகிவிடும். கறையில் விழுந்தால் சரியாக இருந்ததும் கெடும். நான் மூன்று நாள் செய்தது அதுதான்.

இதிலே ஒரு சங்கடம், மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்குத் திருத்தங்களை அனுப்புகிறது. நமக்கு அது புதன்கிழமை வந்து சேரும். நாம் ஒன்றும் செய்யாமலே கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். கெட்ட ரேம் உள்ளே இருக்கும் வாரத்தில் அது வந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய சர்வர்களில் இந்தத் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வகை ரேம் போடுகிறார்களாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது கிடையாது. தப்பு நடந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் நடக்கும்.

அவள் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். சொல்வதை எழுதுதல் பாடத்தில் நான் வாத்தியாராக இல்லாமல் மாணவியாக இருந்தது அன்றைக்குத்தான். சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை விட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, புது ரேமின் இரண்டு முனையிலும் இருந்த கொக்கியை விலக்கினேன். தானே எழும்பி வந்தது. அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை.

பழைய 4 ஜிபியோடு மட்டும் கம்ப்யூட்டரைப் போட்டேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நீலத் திரை வரவில்லை. உடனே ரிப்பேருக்குப் போகாமல் முதலில் பென் டிரைவைச் செருகி நோட்டு ஃபைல்களையும் எழுத்துருவையும் காப்பி செய்யச் சொன்னாள். பிறகு அதையே பையனுக்கும் மெயிலில் அனுப்பினேன். ஒன்பது வருஷமாகச் செய்யாத வேலை, இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அதற்கப்புறம்தான் சோதனை. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. தேடும் கட்டத்தில் அந்தப் பெயரை அடித்தால் வரும். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து தானே சோதித்து முடிவு சொல்லும். அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் மெம்டெஸ்ட் 86 பிளஸ். இலவசம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். இதில் 35 எடுத்தால் பாஸ் என்பதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்.

பழைய ரேம் மட்டும் அதன் இடத்தில்: பிழை இல்லை. பழையதைப் புதிய ரேம் இருந்த பள்ளத்தில் மாற்றிப் போட்டோம்: பிழை இல்லை. ஆக இரண்டு பள்ளமும் நல்ல பள்ளம். பிறகு புதியதை மட்டும் பழையதின் பள்ளத்தில் போட்டோம். அரை மணி நேரத்தில் திரையில் சிவப்பு வரிசையாக வந்துவிட்டது. சில சமயம் தங்கப்பூச்சு முனையில் அழுக்கு இருந்தாலும் இப்படி வரும், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள் என்றாள். ஆசிரியை வீட்டில் ரப்பருக்குப் பஞ்சமா? துடைத்து, துகளை ஊதிவிட்டுப் போட்டேன். அப்போதும் சிவப்புதான். சந்தேகமே இல்லை, ரேம் பிறவியிலேயே கோளாறு.

குற்றவாளியை வெளியே வைத்த பிறகுதான் காயத்துக்கு மருந்து. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. எஸ் எஃப் சி கெட்ட கோப்பை மாற்றுவதற்கு நல்ல பிரதியை விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு கிடங்கிலிருந்து எடுக்கிறது. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால்? அதனால் முதலில் கிடங்கைச் சரிசெய்யும் டிசம் என்ற கட்டளை. டிசம், சாய்கோடு ஆன்லைன், சாய்கோடு கிளீனப் இமேஜ், சாய்கோடு ரெஸ்டோர்ஹெல்த். 'கிளீனப்'புக்கும் 'இமேஜு'க்கும் நடுவே மட்டும் இடைவெளி இல்லாமல் ஒரு சிறுகோடு. இது நல்ல கோப்புகளை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிக்கொள்வதால் இணையம் வேண்டும். 62 சதவீதத்தில் வந்து அப்படியே நின்றது. நான் பதறிப்போய்ப் போன் செய்தால், "அது அங்கதான் எப்பவும் நிக்கும் டீச்சர், விட்டுட்டுப் போய்ச் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன், நூறு காட்டியது. அப்புறம் எஸ் எஃப் சி. கெட்டவை இருந்தன, எல்லாம் சரிசெய்தாயிற்று என்றது. மறுபடி ஓட்டினேன், எந்தக் குறையும் இல்லை என்றது. மறுநாளும் அதே விடை. இரண்டு தடவையும் ஒரே விடை!

ஆனால் எஸ் எஃப் சி விண்டோஸின் கோப்புகளைத்தான் திருத்தும். நம்முடைய கோப்பு அதற்குத் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் நான் திறந்து, ஒரு எழுத்துப்பிழை திருத்தி, சேவ் செய்தது ஐந்தாம் நோட்டு. அது திறக்கவே மறுத்தது. வேர்டில் ஃபைலைத் திறக்கும் இடத்தில் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' என்று ஒன்று இருக்கிறது. அதில் போட்டதும் பெரும்பகுதி வந்தது. இரண்டு பக்கம் வரவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் இருந்தவை நடவுப் பாட்டுகள். சொன்ன பாட்டியின் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் கொரோனா சமயத்திலேயே தவறிவிட்டாராம். மகளுக்கு ஒரு பாட்டில் பாதி நினைவிருந்தது. "அம்மாதான் டீச்சர் எல்லாம் வச்சிருந்துச்சு" என்றது அந்தப் பெண். பாதியை எழுதிக்கொண்டு வந்தேன்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஃபார்மட் என்பது ஒரே மருந்தாகிவிட்டது. வைரஸ் என்றால் ஃபார்மட், மெதுவாக இருந்தால் ஃபார்மட், நீலத் திரை என்றால் ஃபார்மட். சில நோய்க்கு அது சரியான மருந்துதான், நான் மறுக்கவில்லை. டிசமும் எஸ் எஃப் சியும் தோற்றால், மோசமான வைரஸ் புகுந்துவிட்டால், பிரதி எடுத்துவிட்டுத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ரேம் போட்ட மறுவாரம் கோப்பு கெட்டால் ஃபார்மட் என்பது கறை படிந்த பலகையை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகளின் நோட்டை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புது நோட்டு கொடுப்பது. தலைமையாசிரியர் நண்பருக்குப் பத்து நாளில் திரும்ப வந்ததில் ஆச்சரியமே இல்லை. புது விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தானே உள்ளே போனது.

இதற்குக் கடைக்காரத் தம்பிகளைத் திட்டிப் பதிவு போடுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். கணக்குப் பாருங்கள். ஃபார்மட்டுக்கு ஒன்றரை மணி நேரம், 500 ரூபாய். வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கொடுப்பார், கம்ப்யூட்டர் புதிதாகத் தெரியும். ரேமைச் சோதிக்க ஒரு ராத்திரி. மேசையில் இடம், மின்சாரம், காலையில் பார்க்க ஆள். "சோதிச்சுப் பார்த்தேன், ரேம்தான் கோளாறு, 300 ரூபாய் கொடுங்க" என்று சொன்னால், "சும்மா பாத்ததுக்கு எதுக்கு 300?" என்று கேட்பது யார்? நாம்தான். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் பேசாமல் கொடுக்கிறோம். டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் என்றால் மட்டும் கழற்றி மாட்டினால்தான் கூலி, கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யார் கண்டுபிடிப்பார்கள்?

இதை எழுதும்போது எனக்கே குத்துகிறது. வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து தப்பாக எழுதினால் இம்போசிஷன் கொடுத்த காலம் எனக்கும் உண்டு. நூறு தடவை எழுது என்போம். அவனுக்குப் பலகை தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டும் என்பது நான்காவது மாதம்தான் தெரியும். அந்த நூறு தடவையும் ஒரு ஃபார்மட்தான்.

கெட்ட ரேமை எடுத்துக்கொண்டு, சிவப்பு வரிசையைப் போனில் படமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி படத்தை உற்றுப் பார்த்தார். மறுபேச்சு இல்லை. "வாரன்ட்டி இருக்கு டீச்சர், மாத்தித் தர்றேன்" என்றார்.

"மாத்தித் தர்ற ரேமை இங்கேயே ஒரு ராத்திரி சோதிச்சுட்டுக் குடுங்க தம்பி. அதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"அதுக்கெல்லாம் எதுக்கு டீச்சர்..."

"இல்ல, சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்து 300 என்றார். கொடுத்தேன். பில்லில் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. சோதனைக் கூலி என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மறுநாள் காலை வாங்கிவந்து போட்ட ரேம் இன்றுவரை ஓடுகிறது. இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

தலைமையாசிரியர் நண்பரின் சிபியு நாளை ஃபார்மட்டுக்குப் போகவில்லை. அவர் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி இந்தத் தம்பி கடைக்குத்தான் கொண்டுவரப் போகிறார். 300 ரூபாய் என்றதும் அவரும் முதலில், "சும்மா பாக்குறதுக்கா?" என்றுதான் கேட்டார்.